விரிகுடாவில் இரும்பு – 9: நாசகாரி அணைத்த தீ

எங்கள் வீட்டில் 'நாசகாரி' என்றால் வசவு. பால் சட்டியை உருட்டிய பூனைக்கும் அதுதான், கொடியில் காய்ந்த வேட்டியைச் சேற்றில் இழுத்துப் போட்ட கன்றுக்குட்டிக்கும் அதுதான். பிற்பாடு செய்தித்தாளில் 'நாசகாரிக் கப்பல்' என்று முதல்முறை படித்தபோது, கடற்படைக்காரர்கள் எதற்காகச் சொந்தக் கப்பலைத் திட்டுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

அந்தப் பெயர் தொடக்கத்தில் இன்னும் நீளமாக இருந்தது: டார்பிடோ படகு நாசகாரி. பெயரிலேயே கப்பலின் வேலையும் எதிரியும் அடக்கம். டார்பிடோ படகை அழிக்கவென்றே பிறந்த கப்பல் அது. யூனியன் அயர்ன் ஒர்க்ஸ் கப்பல் கட்டும் தளம் ஒலிம்பியா, ஆரிகன் என்ற போர்க்கப்பல்களைக் கட்டி அனுப்பிய கதையைப் போன இரண்டு இதழ்களில் பார்த்தோம். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள மலைகள் அவை. இந்த இதழில் வருபவை 420 டன் குருவிகள். சான் பிரான்சிஸ்கோவின் பொட்ரேரோ முனையில், இன்று பியர் 70 என்று பெயர்ப்பலகை தொங்கும் அதே கரையில், 1899 ஏப்ரல் 19, 20, 21 என்று அடுத்தடுத்து மூன்று நாட்களில் மூன்று கப்பல்களுக்கு வேலை தொடங்கியது. பெர்ரி, பால் ஜோன்ஸ், பிரெபிள். அந்த ஏப்ரல் தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கப்பல்கள் ஒரு பயத்தில் பிறந்தவை. பயத்தின் வரலாறு கொஞ்சம் பின்னால் போகிறது. 1866-ல், இன்று குரோவேஷியாவில் ரியெக்கா என்று வழங்கும் ஃபியூமே துறைமுகத்தில், ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தண்ணீருக்கடியில் தானே ஓடும் குண்டு ஒன்றைச் செய்தார், அதுதான் டார்பிடோ. அதைத் தூக்கிக்கொண்டு ஓடப் பெரிய கப்பல் தேவையில்லை, சின்ன நீராவிப் படகு போதும். 1891 ஏப்ரலில் சிலி நாட்டு உள்நாட்டுப் போரில் பிளாங்கோ என்கலாடா என்ற கவசக் கப்பல் கால்டெரா துறையில் நங்கூரமிட்டு நின்றபோது இரண்டு சிறு கப்பல்கள் விடியலில் வந்து டார்பிடோ விட்டன. கவசக் கப்பல் சில நிமிடங்களில் அடியில் போய்விட்டது. யானையின் காதில் எறும்பு புகுந்த கதை நடந்தே விட்டது என்று உலகத்துக் கடற்படைகள் எல்லாம் தூக்கம் கெட்டன.

அதிகம் கெட்டது விக்டோரியா மகாராணியின் கடற்படைக்குத்தான். ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரான்ஸ் டார்பிடோ படகுகளை வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தது. அட்மிரல் ஜாக்கி ஃபிஷர் கப்பல் கட்டுமானப் பொறுப்பில் இருந்த 1892-ல், டார்பிடோ படகைவிடப் பெரியதாக, அதைவிட வேகமாக, அதைத் துரத்திப் பிடித்துச் சுடக்கூடிய கப்பல் வேண்டும் என்று 'யாரோ' (Yarrow), தார்னிகிராஃப்ட் போன்ற நிறுவனங்களிடம் கேட்டார்கள். 'யாரோ' நிறுவனம் கட்டிய ஹேவக் 1893-ல் தண்ணீரில் இறங்கியது. முதல் நாசகாரி இதுதான் என்றால் ஸ்பெயின்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்களுடைய வில்லாமில் என்ற அதிகாரி வடிவமைத்த கப்பல் 1887-லேயே படையில் சேர்ந்திருந்தது, அதன் பெயரே 'டிஸ்ட்ரக்டர்'. என் ஓட்டு வில்லாமிலுக்குத்தான். ஆனால் அந்த யோசனையை நூற்றுக்கணக்கில் பிரதி எடுத்தது விக்டோரியாவின் கடற்படை.

வில்லாமில் பெயரைச் சும்மா இழுக்கவில்லை. 1898-ல் அமெரிக்காவும் ஸ்பெயினும் மோதியபோது ஸ்பெயினிடம் ஃபூரர், ப்ளூடோன், டெரர் என்ற மூன்று புது நாசகாரிகள் இருந்தன. ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் கட்டியவை. அமெரிக்காவிடம் ஒன்றுகூட இல்லை. சுண்டைக்காய் அளவு கப்பல் மூன்று அட்லாண்டிக்கைத் தாண்டி வருகிறது என்றதும் வாஷிங்டனில் கலக்கம். மே 1-ம் தேதி மணிலாவில் ஒலிம்பியா ஜெயித்த கையோடு, மே 4-ம் தேதி, பதினாறு டார்பிடோ படகு நாசகாரிகள் கட்டக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதினாறில் ஒன்றுக்குக்கூட வேலை தொடங்குவதற்குள் பயத்துக்குக் காரணமான மூன்றில் இரண்டு ஒழிந்துபோயிருந்தன. ஜூலை 3 அன்று கியூபாவின் சாந்தியாகோ துறைமுகத்தைவிட்டு ஸ்பெயின் கப்பற்படை வெளியே ஓடி வந்தபோது, ஃபூரரையும் ப்ளூடோனையும் மடக்கியது குளோஸ்டர் என்ற பொழுதுபோக்குப் படகு. ஜே. பி. மார்கன் என்ற வங்கி முதலாளி உல்லாசப் பயணம் போக வைத்திருந்த கோர்செய்ர்தான் பீரங்கி மாட்டிக்கொண்டு குளோஸ்டர் ஆகியிருந்தது. அதன் கேப்டன் ரிச்சர்ட் வெய்ன்ரைட், பிப்ரவரியில் ஹவானாவில் வெடித்துச் சிதறிய மெய்ன் கப்பலில் உயிர்பிழைத்த அதிகாரி. பெரிய கப்பல்களும் சுட்டன, சந்தேகமில்லை. ஆனால் நாசகாரிகளை விடாமல் விரட்டியது மார்கன் வீட்டு உல்லாசப் படகு. வில்லாமில் ஃபூரரிலேயே இறந்தார்.

எதிரி போனாலும் ஆர்டர் போகவில்லை. அரசாங்க ஆர்டர் அப்படித்தான். பதினாறில் மூன்று பொட்ரேரோவுக்கு வந்தன.

பெர்ரியின் உடல்வாகைச் சொல்ல வேண்டும். நீளம் 250 அடி, அகலம் 24 அடிகூடக் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடு, நான்கு புகைபோக்கி, மூன்று அங்குலப் பீரங்கி இரண்டு, ஐந்து சிறு பீரங்கி, இரண்டு டார்பிடோக் குழாய். சுமார் எழுபத்தைந்து ஆட்கள். 8,000 குதிரைத் திறன். வேகம் 28 நாட், அதாவது மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வயிற்றில் பாதிக்குப் பாய்லரும் எஞ்சினும்தான். மீதியில்தான் மனிதர்கள் உண்டு உறங்க வேண்டும்.

போன கோடையில் என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கோல்டன் கேட் பாலத்தைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்றார், அவ்வளவுதான். பியர் 70-ல் பழைய மெஷின் ஷாப் செங்கல் கட்டடத்துக்கு முன்னால் நின்றபோதுதான் அவர் முகம் மாறியது. என் கைப்பேசியில் இருந்த பாய்லர் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது வாட்டர் டியூப், மாப்பிள்ளை."

"அப்படின்னா, மாமா?"

"பழைய கப்பல்ல பெரிய அண்டா நிறையத் தண்ணி, அதுக்குள்ள நெருப்பு போற குழாய். அண்டா கொதிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். இதுல தலைகீழ். நெருப்புக்குள்ள தண்ணிக் குழாய். சின்னச் சின்னக் குழாய், சட்டுனு ஆவி கிளம்பிரும். ஆபத்துக்கு ஓடுற கப்பலுக்கு இதுதான் சரி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரி அள்ளிப் போடுறது வேலையே இல்ல. கிளிங்கர் எடுக்கணும் பாருங்க, அதுதான் வேலை. கரிச் சாம்பல் உருகிக் கட்டியாகி அடுப்புல பிடிச்சுக்கிடும். கம்பியை விட்டு நெம்பி எடுக்கணும். முகம் வெந்துரும். அதுவும் ஆடுற கப்பல்ல!" என்றார்.

பக்கத்தில் மென்பொருள் கம்பெனி அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் காபியோடு போய்க்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்க்கவில்லை. கூரையில் கிரேன் ஓடிய தண்டவாளத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெர்ரி 1900 அக்டோபர் 27-ல் நீரில் இறங்கியது. பிரெபிள் 1901 மார்ச் 2-ல். இரண்டுக்கும் நடுவே, ஜனவரி 22-ல், விக்டோரியா மகாராணி காலமானார். ஆக, பெர்ரியை விக்டோரியா காலத்துக் கப்பல் என்று சொல்லலாம், தங்கை பிரெபிளுக்கு அந்தப் பெருமை ஆறு வாரத்தில் தவறிவிட்டது. நீரில் இறக்கியதோடு கட்டுமானம் முடிவதில்லை, எஞ்சின், குழாய், பீரங்கி எல்லாம் அப்புறம்தான். 1901-ல் சான் பிரான்சிஸ்கோ மெஷினிஸ்டுகளின் பெரிய வேலைநிறுத்தம் வேறு வந்தது. பெர்ரி கடற்படையில் சேர்ந்தது 1902 செப்டம்பரில், பிரெபிள் 1903 டிசம்பரில்.

அடுத்த சில மாதங்களில் உலகமே மாறிவிட்டது. 1904 பிப்ரவரியில் போர்ட் ஆர்தரில் ரஷ்யக் கப்பல்கள் மேல் இரவில் டார்பிடோ விட்டவை ஜப்பானின் நாசகாரிகள். டார்பிடோ படகைப் பிடிக்க வந்த போலீஸ், திருடன் கையிலிருந்த கத்தியைத் தானே எடுத்துக்கொண்டு, திருடன் வேலையையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கிவிட்டான். படகு என்ற இனமே மெல்ல மறைந்தது. பெயரின் முன்பாதி உதிர்ந்து வெறும் 'நாசகாரி' நின்றது. தமிழர்களுக்குப் பழக்கமான எம்டன் 1914 அக்டோபர் 28-ல் பினாங்குக்குள் போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு நுழைந்து ரஷ்யாவின் ஷெம்சுக்கை மூழ்கடித்ததே, வெளியே வரும்போது வழியில் முடித்துவிட்ட பிரெஞ்சுக்காரர்களின் மூஸ்கே இந்தத் தலைமுறையைச் சேர்ந்த நாசகாரிதான், சுமார் 300 டன். பகலில் பெரிய கப்பல் முன் இவை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

பெர்ரிக்கும் பிரெபிளுக்கும் அப்படி ஒரு எதிரி வரவில்லை. வந்தது வேறொன்று.

1906 ஏப்ரல் 18, காலை 5 மணி 12 நிமிடம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நகர்ந்தது. இன்றைய கணக்கில் சுமார் 7.9 அளவு. கப்பல்கள் பிறந்த யூனியன் அயர்ன் ஒர்க்ஸ் தளத்திலேயே, உலர்துறையில் ஏறி நின்ற சிட்டி ஆஃப் பியூப்லா என்ற பயணிகள் கப்பல் சாய்ந்து விழுந்தது. நகரத்தின் தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் படுத்திருந்த நிலையத்தின் மேல் பக்கத்து ஹோட்டலின் கோபுரம் இடிந்து விழ, படுகாயமடைந்தவர் நான்காம் நாள் இறந்தார். தலைவர் இல்லை. தண்ணீர்க் குழாய்கள் ஊரெங்கும் ஒடிந்துபோயின. தீயணைப்பு வீரர்கள் தெருக்குழாயைத் திருகினால் சேறு வந்தது, பிறகு காற்று வந்தது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஊர் அது. அந்த நீரை எடுத்து ஊற்ற நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு தீயணைப்புப் படகுகூடக் கிடையாது.

விரிகுடாவின் வடகோடியில், சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, வலேஹோவில் மேர் ஐலண்ட் கடற்படைத் தளம். தளபதி ரியர் அட்மிரல் பவுமன் மெக்காலா. அங்கே அதிர்ச்சி இருந்ததே தவிர அழிவு இல்லை. பெர்ரியின் கேப்டன் லெப்டினன்ட் பிரெடெரிக் நியூட்டன் ஃப்ரீமன் தலைமையில் ஒரு சிறு படை கிளம்பியது. பிரெபிளில் மருத்துவர்களும் தாதிகளும். கூடவே லெஸ்லி என்ற தீயணைப்பு இழுவைப்படகும் ஆக்டிவ் என்ற இழுவைப்படகும். முற்பகலிலேயே ஊர் வந்துவிட்டார்கள். பிரெபிள் ஹோவர்ட் தெரு முனையில் மருத்துவக் குழுவை இறக்கியது. லெஸ்லி கடல்நீரை உறிஞ்சிப் பீய்ச்சத் தொடங்கியது.

அங்கிருந்து மூன்று நாளைக்கு மேல் நடந்தது ஒரு விசித்திரமான சண்டை. பீரங்கி இல்லை, டார்பிடோ இல்லை. கப்பலில் இருந்து இறங்கிய மாலுமிகள் தோளில் தண்ணீர்க் குழாயைச் சுமந்து ஓடினார்கள். தீ ஒரு துறைமேடையை நெருங்கும்போது படகு அங்கே போகும், அணைந்ததும் அடுத்த மேடை. தூக்கம் இல்லை. நகரத்துத் தீயணைப்பு வண்டிகளும் உதவிக்கு வந்த மற்ற இழுவைப்படகுகளும் சேர்ந்துகொண்டன. கரையோரம் பிழைத்ததால்தான் அகதிகள் படகேறி ஓக்லாந்து பக்கம் போக முடிந்தது, ரொட்டியும் கூடாரமும் உள்ளே வர முடிந்தது. இன்று நாம் கடிகாரக் கோபுரத்தைப் படமெடுத்துக்கொள்ளும் ஃபெர்ரி கட்டடம் நிற்பதும் அந்தக் கரையில்தான். தெற்கே கடலில் போய்க்கொண்டிருந்த கடற்படையின் சிகாகோ கப்பல் கம்பியில்லாத் தந்தியில் செய்தி கேட்டுத் திரும்பி வந்து மறுநாள்தான் சேர்ந்தது. அதுவரை கடற்படை என்றால் ஃப்ரீமனின் ஆட்கள்தான்.

ஃப்ரீமன் அந்த மாதக் கடைசியில் எழுதிய அறிக்கையில் அவருக்கு நெருப்பைவிட அதிக எரிச்சல் தந்தது குடி. துறைமுகத் தெருவில் வரிசையாக மதுக்கடைகள். கதவு உடைந்த கடைக்குள் கூட்டம் புகுந்தால் பிறகு குழாய் பிடிக்க ஆள் கிடைக்காது. கண்ட இடத்தில் சாராயத்தைக் கொட்டி அழிக்கச் சொல்லித் தன் ஆட்களை அனுப்பினார்.

அதே ஆட்கள்தான் ஊரிலேயே பெரிய சாராயக் கிடங்கு ஒன்றையும் காப்பாற்றினார்கள். ஜாக்சன் தெரு 451-ம் எண்ணில் ஹோட்டலிங் கம்பெனியின் விஸ்கிக் கிடங்கு. பக்கத்தில் சுங்கத்துறையின் மதிப்பீட்டாளர் கட்டடம், அரசாங்கச் சொத்து. அதை விட முடியாது. அந்தத் தெருவுக்குக் கடலில் இருந்து தண்ணீர் கொண்டுபோக, மீன்பிடித் துறைப் பக்கமிருந்து டெலிகிராஃப் குன்றின் மேலேறி அந்தப் பக்கம் இறங்கி, ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்குக் குழாய் போட்டார்கள். காரில் அந்தக் குன்று ஏறும்போதே என் வண்டி முதல் கியருக்கு இறங்கிவிடும். தண்ணீர் நிறைந்த கான்வாஸ் குழாயை, இணைப்பு இணைப்பாக, அங்கே இழுத்தவர்கள் கப்பலில் கரி அள்ளிக்கொண்டிருந்த பையன்கள். கிடங்கை டைனமைட் வைத்துத் தகர்த்துத் தீயைத் தடுக்கலாம் என்று ஒரு பேச்சும் இருந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பீப்பாய் விஸ்கியை வெடிக்கவைக்கும் யோசனை யாருக்கு வந்ததோ! நல்லவேளை நடக்கவில்லை.

கடவுள் ஊரைத் தண்டித்தார் என்று பிரசங்கம் செய்தவர்களைக் கேலிசெய்து, தேவாலயம் எரிந்ததும் விஸ்கி தப்பியதும் எப்படி என்று கேட்கும் நாலு வரிப் பாட்டு ஒன்று அப்போதே கிளம்பியது. இன்று அந்தக் கட்டடத்தின் சுவரில் ஒரு தகட்டில் அந்தப் பாட்டு இருக்கிறது. குழாய் சுமந்தவர்களுக்கு அதில் இடமில்லை. பாட்டு எப்போதும் விஸ்கி பக்கம்தான்.

ஏப்ரல் 21 காலையில்தான் நகரத்தின் தீ அடங்கியது. சுமார் 28,000 கட்டடங்கள் போயின, நான்கு லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் பாதிக்கு மேல் வீடிழந்தார்கள், இறந்தவர்கள் மூவாயிரம் அளவில் இருக்கலாம் என்பது இன்றைய மதிப்பு. தேதிகளை மறக்கவில்லையே? ஏழு வருடத்துக்கு முன் அதே 19, 20, 21-ல்தான் மூன்று கப்பல்களுக்கும் முதல் தகடு வைத்தார்கள். ஜோசியம் பார்ப்பவர்கள் இதை வைத்து ஒரு கதை சொல்லலாம், எனக்குத் தெம்பில்லை.

நகரம் பாடம் படித்துக்கொண்டது என்று சொல்லலாம். 1909-ல் இரண்டு தீயணைப்புப் படகுகள் வாங்கினார்கள், ஒன்றுக்கு டென்னிஸ் சல்லிவன் பெயர். தீயணைப்புக்கு மட்டும் தனிக் குழாய் வலை போட்டார்கள், தேவைப்பட்டால் கடல்நீரையே அதற்குள் செலுத்தும் நீரேற்று நிலையங்களோடு. சான் பிரான்சிஸ்கோ நாற்சந்திகளில் தார்ச்சாலை நடுவே செங்கல்லால் பெரிய வட்டம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோலம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பெரும்பாலானவை 75,000 கேலன். மாமாவிடம் சொன்னபோது வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கிப் போய், நடுவிலிருந்த இரும்பு மூடியைக் காலால் தட்டிப் பார்த்தார். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். மாமா கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு இன்னொரு தட்டு தட்டினார்.

1989 அக்டோபர் 17-ல் லோமா பிரீட்டா நிலநடுக்கம் வந்தபோது மரீனா பகுதியில் தீப்பிடித்தது. அந்தத் தனிக் குழாய் வலையும் சில இடங்களில் உடைந்தது, தெருக்குழாய் வறண்டது. ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு கரைக்கு வந்து, கடல்நீரை உறிஞ்சி, தெருவில் நீட்டிய குழாய்கள் வழியே அனுப்பியது. லெஸ்லி செய்த அதே வேலை, அதே விரிகுடாத் தண்ணீர்.

பெர்ரிக்கும் பிரெபிளுக்கும் அதற்குப் பிறகு பெரிய கதை இல்லை. பசிபிக் கரையில் பயிற்சி, ரோந்து, பழுது, மறுபடி ரோந்து. முதல் உலகப்போர் வந்தபோது இவை கிழவிகள், எண்ணெயில் ஓடும் புது நாசகாரிகள் வந்துவிட்டன. மூன்றாவது சகோதரி பால் ஜோன்ஸுக்கு மட்டும் கடைசிக் காலத்தில் ஒரு தீ வாய்த்தது. 1918 ஜூலை 2, அட்லாண்டிக் நடுவே படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் போய்க்கொண்டிருந்த ஹென்டர்சன் கப்பலின் சரக்கறையில் தீ. பால் ஜோன்ஸும் மேரன்ட் என்ற இன்னொரு நாசகாரியும் நெருங்கிப் போய்ப் படைவீரர்களை ஏற்றி வேறு கப்பலுக்கு மாற்றின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

1919 ஜூலையில் பெர்ரியையும் பிரெபிளையும் படையிலிருந்து விலக்கினார்கள். 1920 ஜனவரியில் பிலடெல்ஃபியாவின் பழைய இரும்பு வியாபாரிக்கு விற்றார்கள்.

பெர்ரியின் கட்டுமான வேலை முடியும் தறுவாயில், அதே பொட்ரேரோ தளத்தில், 1902 கோடையில் இன்னொரு விநோதப் பிராணி நீரில் இறங்கியது. புகைபோக்கி கிடையாது, தண்ணீருக்கு மேலே இருக்கவும் பிடிக்காது. அதன் வடிவத்தைப் போட்டவர் நியூ ஜெர்சியின் பாட்டர்சன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஓர் ஐரிஷ்காரர். கிராம்பஸ் என்ற அந்தப் பிராணியின் கதை அடுத்த இதழில்.